மட்டக்களப்புக்குக் குடிவருகிறவர்களுக்கு: வீடு, கிராம சேவகர் கடிதம், பாடசாலை எல்லாம் எந்த ஒழுங்கில்?

இடமாற்றம் கிடைத்தோ, புது வேலை கிடைத்தோ, பிள்ளைகளின் படிப்புக்காகவோ மட்டக்களப்புக்குக் குடும்பத்தோடு வரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் மலையகத்திலிருந்து வந்தோம். சொந்தக்காரர் என்று இங்கே ஒருவரும் இல்லை. பாடசாலைக்குப் போனால் கிராம சேவகரின் கடிதம் கேட்டார்கள். கிராம சேவகர் வீட்டு ஒப்பந்தம் கேட்டார். வீட்டுக்காரரோ ஒப்பந்தம் எழுத மாட்டேன் என்றார். முற்பணம் அதற்கு முன்பே கைமாறிவிட்டது. இந்த முடிச்சை அவிழ்க்கவே மாதக்கணக்காயிற்று. சரியான ஒழுங்கில் செய்தால் இத்தனை அலைச்சல் தேவையில்லை.

1. புறப்படும் ஊரிலேயே எடுக்க வேண்டிய கடதாசிகள்

லொறி பிடிப்பதற்கு முன்பே இவற்றைக் கையில் எடுத்துவிடுங்கள். இங்கே வந்த பிறகு ஒரு கையெழுத்துக்காகத் திரும்பிப் போவது ஒருநாள் சம்பளமும் பஸ் காசும் தின்னும்.

பழைய ஊர் கிராம சேவகரிடம் வதிவிட, நற்சான்றுப் பத்திரம் வாங்கி, பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் யார் யார், எத்தனை வருடமாக அங்கே இருந்தீர்கள், எந்தத் திகதியில் வெளியேறுகிறீர்கள் என்று அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். புதிய இடத்துக் கிராம சேவகர் முதலில் பார்ப்பது அதைத்தான். அடுத்தது, உங்கள் பெயர் இருக்கும் வாக்காளர் இடாப்புப் பக்கத்தின் உறுதிப்படுத்திய பிரதிகள். கடந்த 5 வருடத்துக்கும் எடுங்கள். தரம் ஒன்றுக்குப் போகும் பிள்ளை இருந்தால் இது கட்டாயம் தேவைப்படும்.

பிள்ளைகளின் விடுகைப் பத்திரம், தேர்ச்சி அறிக்கை, குழந்தைகளின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், வேலை இடமாற்றக் கடிதம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுப் பிரதிகளும் எடுத்துவையுங்கள். விடுகைப் பத்திரத்தை மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். புதிய பாடசாலை இடம் தருவதாகச் சொன்ன பிறகு வாங்குவதுதான் பாதுகாப்பு. முன்பே வாங்கிவிட்டு, இங்கே இடம் கிடைக்காமல் பிள்ளை வீட்டில் இருந்தால், பழைய பாடசாலையிலும் அவன் பெயர் இருக்காது.

அஸ்வெசும கொடுப்பனவு எடுக்கிற குடும்பமென்றால், முகவரி மாறுவதைப் பழைய பிரதேச செயலகத்திலேயே எழுத்தில் அறிவித்துவிட்டு வாருங்கள்.

2. எந்த மாதத்தில் வருவது

இந்தப் பக்கம் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும். தை நடுப்பகுதி வரை இழுக்கும் வருடங்களும் உண்டு. அந்த மாதங்களில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குவது பெரும் பாடு. மெத்தை நனையும், மரத் தளபாடம் ஊதும், தாழ்வான ஒழுங்கைகளுக்குள் லொறி இறங்காது. மாசி முதல் புரட்டாதி வரை வசதியான காலம்.

ஆனால் வீடு தேடுவதற்கு நேர்மாறாகச் சொல்வேன். முடிந்தால் மழை நாளில் ஒரு தடவை வந்து பாருங்கள். எந்த வளவில் தண்ணீர் நிற்கிறது, எது வடிகிறது என்பதை மழை காட்டிக்கொடுத்துவிடும். புதிய பாடசாலைத் தவணை தொடங்கும் காலத்தில் வாடகை வீட்டுக்குக் கிராக்கி கூடுவதையும் கணக்கில் எடுங்கள்.

3. எந்தப் பக்கம் வீடு பார்ப்பது

புளியந்தீவுதான் நகரத்தின் பழைய நடு. கடைகளும் வங்கிகளும் பழைய பாடசாலைகளும் கிட்டவே இருக்கும். வாடகை கூட, வளவு குறைவு. கோட்டைமுனை, அரசடிப் பக்கம் ரயில் நிலையத்துக்கு வசதி. வாவியைத் தாண்டினால் கல்லடி, நாவற்குடா. கடற்காற்று உண்டு, வீடுகளும் கொஞ்சம் விசாலம். ஆனால் கடலுக்குக் கிட்டப் போகப் போக ஜன்னல் கம்பியும் கேட்டும் சைக்கிளும் துருப்பிடிக்கும். நகரத்தில் வேலை என்றால், காலையில் பாடசாலை தொடங்கும் நேரத்தில் கல்லடிப் பாலத்தில் வாகனம் நெருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வேலையோ படிப்போ என்றால் நகரத்துக்குள் தேடாதீர்கள். பிரதான வளாகம் வந்தாறுமூலையில் இருக்கிறது. செங்கலடி, ஏறாவூர்ப் பக்கம் பாருங்கள், தினமும் போய்வரும் பஸ் காசு மிஞ்சும். தெற்கே காத்தான்குடி, ஆரையம்பதி, இன்னும் தள்ளிக் களுவாஞ்சிகுடி எல்லாம் கல்முனை வீதியில்தான் வரும், பஸ் அடிக்கடி உண்டு. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வாடகை குறைவுதான். ஆனால் பின்னேரத்துக்குப் பிறகு பஸ் எப்படி என்று விசாரித்து முடிவெடுங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாமல் போகிறது. ஆட்கள் பேச்சில் சொல்லும் இடப்பெயர் ஒன்று, கிராம சேவகர் பிரிவின் பெயர் இன்னொன்று. கல்லடியும் நாவற்குடாவும் மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்தின் கீழ் வரும். காத்தான்குடிக்குத் தனிச் செயலகம். ஆரையம்பதி மண்முனைப் பற்றுக்குப் போய்விடும். ஒரு வீதிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரிவு மாறுகிற இடங்களும் உண்டு. வீடு பிடித்துவிட்டால், "இது எந்த ஜி.எஸ் பிரிவு?" என்று அயலவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை

முதலில் கிணறு. வாவிக்கும் கடலுக்கும் இடையிலான மணல் நிலம் என்பதால், ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டுக் கிணறு நல்ல தண்ணீராகவும் மூன்றாவது வீட்டுக் கிணறு உவர்ப்பாகவும் இருக்கும். ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பாருங்கள். சவர்க்காரம் போட்டுக் கை கழுவிப் பாருங்கள், நுரைக்காவிட்டால் தண்ணீர் உவராகவோ கடினமாகவோ இருக்கலாம். குளியலறைத் தரையிலும் கொமட்டிலும் மஞ்சள் கறை படிந்திருந்தால் தண்ணீரில் இரும்பு கூட. அடுத்த வீட்டு அம்மாவிடம், "கிணத்துத் தண்ணியில தேத்தண்ணி போடுவீங்களா அம்மா?" என்று கேளுங்கள். எங்களுக்கு எந்தப் பரிசோதனையை விடவும் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் உதவியது. கழிப்பறைக் குழி கிணற்றுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்றும் பாருங்கள். சின்ன வளவுகளில் இரண்டும் அருகருகே வந்துவிடுகின்றன. அப்படியென்றால் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

குழாய்த் தண்ணீர் இருந்தால் நிம்மதி. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரைச் சுத்திகரித்துத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை விநியோகிக்கிறது. இணைப்பு இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது. குழாயைத் திறந்து பாருங்கள், கடைசி பில்லையும் கேளுங்கள். துண்டித்துக் கிடக்கும் இணைப்பைத் திரும்ப எடுக்கும் செலவு யாருடையது என்று அப்போதே பேசிவிடுங்கள்.

அப்புறம் சுவர். புதுப் பெயின்ட் அடித்த வீடென்றால் இன்னும் கவனம். முன்சுவரை விடுங்கள், அலுமாரி வைத்திருந்த மூலை, கதவு நிலையின் அடி, கிணற்றடிப் பக்கத்துச் சுவர் இவற்றைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் ஒரே மட்டமாகப் பூச்சு பொருமியிருந்தாலோ, மர நிலையின் அடி கறுத்திருந்தாலோ அதுவரை வெள்ளம் வந்திருக்கிறது. அயலில் வயதானவர் யாரும் இருந்தால், "2011 தை மாத வெள்ளத்துக்கு இங்க எவ்வளவு தண்ணி நிண்டது ஐயா?" என்று கேளுங்கள். கையை வைத்து உயரத்தைக் காட்டுவார்.

மூன்றாவது, மின்மானி. ஒரே வளவில் இரண்டு குடும்பம் இருந்து ஒரே மீட்டர் என்றால் யோசியுங்கள். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் இருப்பதால், இரண்டு குடும்பத்தின் யுனிட்டும் ஒன்றாகக் கூடும்போது இருவருமே கூடிய விலைக்குத் தள்ளப்படுவீர்கள். சப் மீட்டர் போட்டிருக்கிறோம் என்று சமாதானம் சொல்வார்கள். அது யார் எவ்வளவு பாவித்தார் என்று பிரித்துக் காட்டுமே தவிர, பில்லைக் குறைக்காது.

5. ஒப்பந்தம் இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

ஆறு மாத வாடகையை, சிலர் ஒரு வருட வாடகையை, முற்பணமாகக் கேட்பது வழமை. உதாரணத்துக்கு மாத வாடகை 25,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், ஆறு மாதத்துக்கு 150,000. தரகருக்குக் கொடுப்பது, ஒப்பந்தம் எழுதும் செலவு, லொறி, முதல் மாதச் சாமான் எல்லாம் சேர்த்தால் 200,000 ரூபாவைத் தாண்டும். அவ்வளவு காசைக் கொடுக்கிறவர் கையில் எழுத்தில் எதுவும் இல்லாமல் நிற்கக்கூடாது.

ஒப்பந்தம் என்றதும் சில வீட்டுக்காரர்கள், "அதெல்லாம் எதுக்கு தம்பி, மனுசருக்கு நம்பிக்கைதானே" என்பார்கள். அவர்களுக்கு உள்ளுக்குள் ஒரு பயம்: வாடகைக்காரர் பதிந்துவிட்டால் வீட்டை விட்டு எழும்பமாட்டார் என்று. அதைக் குற்றமாக எடுக்காமல், அமைதியாகச் சொல்லுங்கள்: "ஐயா, பிள்ளையை ஸ்கூல்ல சேர்க்க ஜி.எஸ் கடிதம் வேணும். ஜி.எஸ் ஒப்பந்தம் கேப்பார். முடிவுத் திகதி போட்டே எழுதுவம், அது உங்களுக்கும் நல்லது." இதற்கும் சம்மதிக்காவிட்டால் வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அந்த வீட்டில் இருந்துகொண்டு நீங்கள் எந்தக் காரியாலயத்திலும் வேலை முடிக்க முடியாது.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். கடையில் விற்கும் அச்சடித்த படிவத்தை நிரப்பி முத்திரையில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொல்வதை நம்பவேண்டாம். நொத்தாரிசின் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டு, அதை யார் கொடுப்பது என்றும் பேசிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் முற்பணத் தொகையும் அது மாதாமாதம் கழிபடுமா, கடைசியில் திரும்பி வருமா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். எழும்புவதற்கு எத்தனை மாத அறிவித்தல், கிணற்று மோட்டர் பழுதானால் யார் திருத்துவது, மின்சார, தண்ணீர்க் கணக்கு இலக்கங்கள், குடிவரும் நாளில் மீட்டர் எண் ஆகியவையும் வரட்டும். மீட்டரைப் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். பழைய பில் நிலுவை இருக்கிறதா என்று கணக்கு இலக்கத்தை வைத்தே பார்க்கலாம். வீட்டுக்காரர் பெயரில்தான் பில் வரும் என்றாலும், நிலுவைக்காக வெட்டினால் இருட்டில் இருப்பது நீங்கள்தான்.

வீட்டைக் காட்டுகிறவர் உண்மையில் உரிமையாளர்தானா என்பதையும் பாருங்கள். இந்தப் பக்கம் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டிருக்கும். தகப்பன் வீட்டைக் காட்டுவார், உறுதி மகள் பெயரில் இருக்கும், மகள் வெளிநாட்டில் இருப்பார். அப்படியென்றால் தகப்பனிடம் அற்றோணித் தத்துவம், அதாவது மகளுக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம், இருக்கிறதா என்று நொத்தாரிசைப் பார்க்கச் சொல்லுங்கள்.

6. கிராம சேவகரிடம் போவது

குடிவந்த முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். ஒப்பந்தப் பிரதி, பழைய கிராம சேவகரின் பத்திரம், எல்லோருடைய அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஒரு மின்சார பில் ஆகியவற்றோடு போங்கள். கிராம சேவகர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்கமாட்டார். வெளிவேலை, கூட்டம், வெள்ள நிவாரணம் என்று போய்விடுவார். அலுவலக நாள் கதவில் ஒட்டியிருக்கும், பல இடங்களில் தொலைபேசி இலக்கமும் இருக்கும். அழைத்துக் கேட்டுவிட்டுப் போங்கள்.

முதலில் கேட்க வேண்டியது, உங்கள் குடும்பத்தை அவருடைய பதிவில் சேர்ப்பது. கடிதம் அதற்குப் பிறகுதான். நேற்று வந்தவருக்கு, "இத்தனை வருடமாகத் தெரியும்" என்று அவரால் எழுத முடியாது, எழுதச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். எந்தத் திகதியிலிருந்து வசிக்கிறீர்கள் என்று எழுதித் தந்தாலே வங்கிக்கும் இணைய இணைப்புக்கும் பாடசாலைக்கும் முதற்கட்டத்துக்குப் போதும். அதற்கு முந்தைய காலத்துக்குப் பழைய ஊர்ப் பத்திரம் பேசும். இரண்டையும் சேர்த்தே எங்கும் கொடுங்கள்.

கடிதத்தை எதற்குப் பாவிக்கப் போகிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பாடசாலைக்கு எழுதியதை வங்கியில் ஏற்காமல் திருப்பி அனுப்புவார்கள். பிரதேச செயலாளரின் மேலொப்பம் தேவைப்படும் கடிதமென்றால் பொதுமக்கள் தினத்தில் போங்கள், கையெழுத்து வைப்பவர் காரியாலயத்தில் இருப்பார். இன்னொன்று: மாவட்டச் செயலகத்தில், அதாவது கச்சேரியில், வேலை இருந்தால் பழைய ஞாபகத்தில் யாரும் புளியந்தீவுக் கோட்டைக்கு வழி காட்டினால் போய்விடாதீர்கள். அது திராய்மடுவுக்கு மாறிவிட்டது.

7. பாடசாலை

தரம் ஒன்றென்றால், கல்வி அமைச்சின் சுற்றறிக்கைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிள்ளை சேரவேண்டிய வருடத்துக்கு முந்தைய வருடமே விண்ணப்பம் கேட்பார்கள். அதைத் தவறவிட்டால் பிறகு மிகவும் கஷ்டம். பாடசாலைக்குக் கிட்ட வசிப்போர் என்ற பிரிவில் வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்த வருடங்களுக்கும் வதிவிட ஆவணங்களுக்கும் புள்ளி உண்டு. புதிதாக வந்த வாடகைக் குடும்பம் அந்தப் பிரிவில் பின்னுக்குத்தான் நிற்கும். சேவைத் தேவைக்காக இடமாற்றம் பெற்ற அரச ஊழியரென்றால் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. இடமாற்றக் கடிதத்தை அதற்காகவே பத்திரப்படுத்துங்கள்.

புனித மிக்கேல், மெதடிஸ்த மத்திய கல்லூரி, வின்சன்ட், புனித சிசிலியா, சிவானந்தா, இந்துக் கல்லூரி என்று பெயர்பெற்ற பாடசாலைகளையே எல்லோரும் கேட்கிறார்கள். இடைத் தரங்களில் அங்கே இடம் கிடைப்பது அபூர்வம். தேசிய பாடசாலை என்றால் அமைச்சு வரை அனுமதி போகும். மாகாணப் பாடசாலைக்கு அதிபரையும் வலயக் கல்விப் பணிமனையையும் பார்த்தால் காரியம் சீக்கிரம் ஆகும். மாவட்டத்தில் மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு என ஐந்து வலயங்கள் இருக்கின்றன. உங்கள் வீடு எந்த வலயம் என்று கேட்டுவிட்டு அந்தப் பணிமனைக்குப் போங்கள்.

என் கருத்து இது: பெரிய பெயருக்காகப் பிள்ளையை மாதக்கணக்கில் வீட்டில் வைத்திருக்காதீர்கள். கிட்டவுள்ள பாடசாலையில் சேர்த்துவிட்டு முயற்சியைத் தொடருங்கள். பிள்ளைகள் குறைந்த வகுப்பில் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையையும் கவனிக்க முடிகிறது, புது ஊரில் பிள்ளைக்கு அதுதான் முதலில் வேண்டும். இடம் தருவதாகச் சொல்லி இடையில் யாரும் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

8. கேஸ், இன்டர்நெட், வாகனம், பயணம்

கேஸ் சிலிண்டரை லொறியில் ஏற்றி வருமுன், புது வீட்டுக்குக் கிட்ட உள்ள கடையில் லிட்ரோவா லாஃப்ஸா இருக்கிறது என்று கேளுங்கள். ஒன்றின் வெறும் சிலிண்டரைக் கொடுத்து மற்றதை மாற்ற முடியாது. இன்டர்நெட் பைபர் இணைப்பு ஒழுங்கைக்கு ஒழுங்கை மாறும். வீட்டைப் பார்க்கும்போதே அயலில் யார் என்ன பாவிக்கிறார்கள் என்று கேட்பது நல்லது.

வேறு மாகாணத்தில் பதிந்த மோட்டார் சைக்கிள் என்றால், அந்த வருட வரிப்பத்திரத்தை அங்கேயே புதுப்பித்துவிட்டு வந்தால் அவசரம் இருக்காது. காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இல்லாமல் எங்கும் புதுப்பிக்க முடியாது.

கொழும்புக்கு உதயதேவி, புலதிசி ரயில்கள் உண்டு. பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, நீண்ட விடுமுறை நாட்களில் ஆசனம் சீக்கிரம் முடிந்துவிடும், முன்பதிவு செய்துவிடுங்கள். துணிமணிக்கும் தளபாடத்துக்கும் காத்தான்குடிக்குப் போகலாம். வெள்ளி மதியம் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் மூடியிருக்கும், அந்த நேரத்தைத் தவிருங்கள்.

9. வைத்தியம், டெங்கு, குப்பை

போதனா வைத்தியசாலை நகரத்திலேயே இருப்பது பெரிய பலம். கிளினிக் எடுக்கிற நோயாளி இருந்தால் பழைய கிளினிக் கொப்பியையும் இடமாற்றக் கடிதத்தையும் கொண்டுவாருங்கள், ஒரு மாத மருந்தையும் மேலதிகமாகக் கேட்டு எடுத்துவாருங்கள். கர்ப்பிணியோ ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையோ இருந்தால் அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே பதியுங்கள். தடுப்பூசித் திகதி தவறாது, அவர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். புது ஊரில் எங்களை முதலில் தேடிவந்து பெயர் கேட்டவர் அவர்தான்.

மழைக்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வளவுக்குள் வந்து டெங்கு நுளம்புக் குடம்பி பார்ப்பார்கள். முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன தகரம், டயர், சிரட்டை, பாவிக்காத தண்ணீர்த் தாங்கி எல்லாம் இப்போது உங்கள் பொறுப்பு. குடிவந்த வாரமே துப்புரவாக்குங்கள். மாநகர சபை வண்டிக்குக் குப்பையைப் பிரித்துத்தான் போட வேண்டும். எந்த நாளில் எது எடுப்பார்கள் என்று அயலவரிடம் கேளுங்கள்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக் காலம். அயலில் கோயில் இருந்தால் ஊர்க்காரர் வரி கேட்டு வருவார்கள். முடிந்ததைக் கொடுத்து, சடங்குக்கும் போய்வாருங்கள். அயலவரோடு பழக அதைவிட நல்ல சந்தர்ப்பம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

10. முதல் மாரிக்கு முன்

ஐப்பசி பிறக்குமுன் கூரை ஓடு, பீலி, வளவு வாய்க்கால் மூன்றையும் பாருங்கள். ஒப்பந்தம், பிறப்புச் சான்றிதழ், உறுதிப் பிரதிகளைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு உயரத்தில் வையுங்கள். கிணற்று மோட்டரைத் தரையிலிருந்து உயர்த்திப் பூட்டச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கினால், தண்ணீரை இறைத்துக் குளோரின் போடும் வரை கொதிக்க வைத்தாலும் அதைக் குடிக்க எடுக்காதீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் குளோரினுக்குக் கேட்கலாம்.

11. வாக்காளர் இடாப்பும் அடையாள அட்டையும்

இதற்கு அவசரமில்லை, ஆனால் மறக்கக்கூடாது. வாக்காளர் இடாப்பு ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி 1ஆம் திகதி எங்கே வசிக்கிறீர்கள் என்பதை வைத்தே திருத்தப்படுகிறது. அந்தக் காலத்தில் கிராம சேவகரிடம் படிவம் வாங்கி நிரப்பிக் கொடுங்கள், பழைய ஊரில் பெயரை நீக்கவும் எழுதுங்கள். சின்னப் பிள்ளை இருந்தால் இதை ஒரு வருடம் தள்ளிப்போடுவது தரம் ஒன்று விண்ணப்பத்தில் ஒரு வருடப் புள்ளியை இழப்பதாகும். இரண்டு மூன்று வருடத்தில் திரும்பிப் போகிற எண்ணம் இருந்தால் மட்டும், சொந்த ஊரிலேயே பெயரை விடுவதா என்று யோசியுங்கள்.

அடையாள அட்டையில் முகவரி மாற்றுவதற்கு விண்ணப்பம் கிராம சேவகர் வழியாகவே போகும். ஆட்பதிவுத் திணைக்களத்தின் கிழக்கு மாகாணக் காரியாலயம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது, கொழும்புக்கு அலையத் தேவையில்லை. வாக்காளர் இடாப்பில் புதிய முகவரி ஏறிய பிறகு இதைச் செய்தால் கேள்வி குறைவு. புதிய அட்டை கைக்கு வந்ததும் வங்கி, சேமலாப நிதி, காப்புறுதி மூன்றுக்கும் அதன் பிரதியைக் கொடுத்து முகவரியை மாற்றிவிடுங்கள்.